12 வோல்ட் சிப் 12 வோல்ட் பேட்டரியில் ஏன் கருகுகிறது? ஏலக்காய் ஸ்டோருக்கு ஹை பவர் எல்இடி விளக்கு

கேட்டது இதுதான்: இடுக்கி வண்டன்மேடு பக்கம் ஒரு ஏலக்காய் ஸ்டோர், அதாவது காயை உலர்த்தித் தரம் பிரிக்கும் இடம். ஆடி மழையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாது. காய் தரம் பிரிக்கும் மேசைக்கு மேல் விளக்கு வேண்டும். கையில் 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி இருக்கிறது. கம்பத்தில் 10 வாட் எல்இடி சிப் மூன்று வாங்கி நேராகப் பேட்டரியில் கொடுத்ததில் இரண்டு சிப் சில நிமிடங்களிலேயே போய்விட்டன. மூன்றாவது எரிகிறது, ஆனால் ஒரு வரிசை மட்டும் இருட்டாக இருக்கிறது. "12 வோல்ட் என்று சொல்லித்தானே கொடுத்தார்கள், டூப்ளிகேட்டா?"

டூப்ளிகேட்டாகவும் இருக்கலாம். ஆனால் அசல் சிப்பை அப்படிக் கொடுத்திருந்தாலும் இதே கதிதான். எல்இடியை வோல்ட் கணக்கில் ஓட்ட முடியாது, மில்லிஆம்பியர் கணக்கில்தான் ஓட்ட வேண்டும். பல்புக்குப் பழகிய கை செய்யும் முதல் தப்பு இது.

அந்த 10 வாட் சிப்புக்குள் மஞ்சள் பூச்சுக்கு அடியில் ஒன்பது சிறு எல்இடிகள் இருக்கின்றன. மூன்று மூன்றாகத் தொடராகக் கோத்து, அந்த மூன்று வரிசைகளையும் இணையாகச் சேர்த்திருப்பார்கள். ஒரு எல்இடிக்கு 3 முதல் 3.4 வோல்ட், எனவே ஒரு வரிசைக்கு 9 முதல் 10 வோல்ட். முழுச் சுமையான 900 அல்லது 1000 மில்லிஆம்பியர் ஓடும்போதுகூடச் சிப்பின் இரு முனையிலும் பத்து வோல்ட் அளவுதான் இருக்கும். நிறைந்த பேட்டரி சும்மா இருக்கும்போதே 12.7 வோல்ட். சார்ஜர் போட்டிருந்தால் 13.8, சில நேரம் 14.4. அதாவது இரண்டு முதல் நான்கு வோல்ட் வரை கூடுதல். குண்டு பல்பு இதைத் தாங்கும், இழை சூடாகச் சூடாக அதன் தடை ஏறி மின்னோட்டத்தைப் பிடித்து நிறுத்தும். எல்இடியில் எல்லாம் தலைகீழ். நல்ல எல்இடி ஒன்றில் 350 மில்லிஆம்பியர் ஓடும் இடத்தில் 0.2 வோல்ட் கூட்டினாலே 700ஐ நெருங்கிவிடும். சூடு ஏறினால் அதற்குத் தேவையான வோல்ட் டிகிரிக்கு 2, 3 மில்லிவோல்ட் வீதம் குறையும். பேட்டரி வோல்ட் குறையாது. அதனால் இன்னும் கூடுதலாக ஓடும், இன்னும் சூடாகும், இன்னும் ஓடும். உள்ளே தலைமுடியைவிட மெல்லிய கம்பி அறுந்தால்தான் அது நிற்கும்.

ஒரு வரிசை இருட்டான சிப்பில் அதுதான் நடந்திருக்கிறது. மூன்று வரிசை சுமந்ததை இனி இரண்டே சுமக்க வேண்டும். அதைத் தூக்கிப் போட வேண்டாம். 400 மில்லிஆம்பியருக்கு மேல் போகாமல் வைத்து நடைபாதைக்கோ கழிப்பறைக்கோ போடலாம். மேசைக்கு வேண்டாம்.

ரெசிஸ்டர் போட்டால் போதாதா என்று அடுத்து கேட்பீர்கள். கணக்குப் பாருங்கள். சிப்புக்கு 9.6 வோல்ட், பேட்டரி 12.6 வோல்ட், இடையில் 10 ஓம் ரெசிஸ்டர். 3 வோல்ட்டை 10 ஓமால் வகுத்தால் 300 மில்லிஆம்பியர். சார்ஜர் ஓடி 14.4 ஆனால் 480. பேட்டரி 11.6க்கு இறங்கினால் 200. கரண்ட் இருக்கும்போது பளிச்சென்று எரிந்து, கரண்ட் போய் விளக்கு உண்மையில் தேவைப்படும் நேரத்தில் மங்கும். 480 ஓடும்போது ரெசிஸ்டர் மட்டுமே 2.3 வாட்டைச் சூடாக்கி வீணடிக்கும், அதனால் 5 வாட் வயர்வவுண்டுதான் போட வேண்டும். சிப் சாகாது என்பது மட்டும்தான் இதில் லாபம். எல்எம்317 ஐசியைக் கரண்ட் (மின்னோட்டம்) ரெகுலேட்டராகப் போடுவதும் பழைய வழி. 1.25ஐ ரெசிஸ்டர் ஓமால் வகுத்தால் வருவது ஆம்பியர், 3.6 ஓமுக்குச் சுமார் 350 மில்லிஆம்பியர். ஆனால் அது தனக்கென்று மூன்று வோல்ட் கேட்கும். பத்து வோல்ட் சிப்புக்கு 12 வோல்ட் பேட்டரியில் அந்த மூன்று வோல்ட் மிஞ்சாது. ஒற்றை எல்இடி இரண்டைத் தொடராகப் போட்டால் சரிவரும்.

உங்களுக்கு ஏற்றது கரண்ட், வோல்ட் இரண்டையும் தனித்தனியாகத் திருகி வைக்கக்கூடிய, வோல்ட்டைக் குறைத்துத் தரும் பக் கன்வெர்ட்டர் போர்டு. எக்ஸ்எல்4015 ஐசி போட்ட போர்டு என்று கேட்டால் கிடைக்கும். திருகு ஒன்றுதான் இருந்தால் அது வோல்ட்டை மட்டும் கட்டுப்படுத்துவது, வாங்க வேண்டாம். இரண்டு நீலத் திருகாவது இருக்க வேண்டும். சிப் ஒன்றுக்குப் போர்டு ஒன்று. இரண்டு சிப்பை இணையாக ஒரே போர்டில் கட்டினால் வோல்ட் கொஞ்சம் குறைவாகக் கேட்கும் சிப் பங்கை அதிகமாக இழுத்துச் சீக்கிரம் போகும், பிறகு அடுத்ததன் தலையில் மொத்தமும் விழும். தனித்தனி என்றால் ஒன்று போனாலும் மேசை இருட்டாகாது.

சிப்பை மாட்டுவதற்கு முன் போர்டை இப்படிச் சரிசெய்யுங்கள். இரண்டு திருகையும் இடப்பக்கமாக இருபது சுற்று சுற்றிவிடுங்கள். இவை பல சுற்றுத் திருகுகள், முனை வந்தாலும் தடுக்காது, லேசாக 'டிக்' என்று மட்டும் கேட்கும். பேட்டரியை உள்ளீட்டில் கொடுத்து, வெளியீட்டில் மல்டிமீட்டர் வைத்து, வோல்ட் திருகால் 11 வோல்ட் வையுங்கள். பிறகு மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, வெளியீட்டின் இரு முனையிலும் நேராக வையுங்கள். ஷார்ட்தான், ஆனால் கரண்ட் கட்டுப்பாடு உள்ள போர்டு அதைத் தாங்கும். கரண்ட் திருகை மெல்ல ஏற்றி 0.70 ஆம்பியரில் நிறுத்துங்கள். மீட்டர் வயரை உடனே வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அடுத்த தடவை அப்படியே பேட்டரியில் வைத்தால் மீட்டரின் ஃபியூஸோ வயரோ போகும். இப்போது பேட்டரியைக் கழற்றி, சிப்பை மாட்டி, அதன் பிறகு பேட்டரியைக் கொடுங்கள்.

11 வோல்ட் எதற்கு? ஓடிக்கொண்டிருக்கும்போது சிப்பின் வயர் கழன்றால் போர்டு வெளியீட்டை வைத்த வோல்ட் வரை ஏற்றிவிடும், அங்குள்ள கெப்பாசிட்டரும் அந்த அளவுக்கு நிறையும். வயர் மறுபடி தொட்டதும் அந்தச் சேமிப்பு மொத்தமும் ஒரே அடியாகச் சிப்புக்குள் பாயும். எல்லைக்கு அருகில் வைத்திருந்தால் அடி சிறியது. இதே காரணத்தால்தான் போர்டு ஓடும்போது சிப்பைக் கழற்றி மாட்டக் கூடாது.

இன்னொன்று, பலரும் விழும் குழி இது. இந்தப் போர்டுகளில் கரண்டை அளக்கும் சிறு ரெசிஸ்டர் பெரும்பாலும் மைனஸ் பக்கத்தில், உள்ளீட்டு மைனஸுக்கும் வெளியீட்டு மைனஸுக்கும் நடுவில் இருக்கும். வயர் மிச்சம் என்று எல்லாச் சிப்பின் மைனஸையும் ஒன்றாக முறுக்கிப் பேட்டரி மைனஸில் சேர்த்தால் அந்த ரெசிஸ்டர் விலகிப்போகும், கரண்ட் கட்டுப்பாடே இல்லாமல் போகும். ஒவ்வொரு சிப்புக்கும் பிளஸ், மைனஸ் இரண்டும் அதன் போர்டிலிருந்து தனியாக வர வேண்டும். அலுமினியச் சட்டத்தையும் மைனஸாகப் பயன்படுத்த வேண்டாம். சிப்பின் முனைக்கும் அடிப்பக்க உலோகத்துக்கும் நடுவே மீட்டரை வைத்து 'பீப்' வருகிறதா என்றும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். வந்தால் நடுவில் மைக்காவோ தெர்மல் பேடோ தேவை.

திருகித் திருகிப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்குப் பிடி4115 ஐசி போட்ட குட்டி டிரைவர் இருக்கிறது. 0.1ஐ அதன் சென்ஸ் ரெசிஸ்டர் (கரண்டை அளக்கும் ரெசிஸ்டர்) ஓமால் வகுத்தால் ஆம்பியர் வரும். 0.15 ஓம் என்றால் சுமார் 670 மில்லிஆம்பியர், 0.33 என்றால் 300. 6 முதல் 30 வோல்ட் வரை உள்ளீடு தாங்கும். இதிலும் எல்இடி மைனஸ் பேட்டரி மைனஸ் அல்ல.

சிப் 1000 தாங்கும் என்றால் 700 ஏன்? மலிவுச் சிப்புகளில் எழுதியிருக்கும் வாட் எல்லாம் நல்ல நாள் பார்த்து எழுதியது. 700இல் ஓட்டினால் மின்சாரம் சுமார் 7 வாட் செலவாகும். வெளிச்சம் அதே விகிதத்தில் குறையாது, ஏனென்றால் குறைந்த கரண்டில் எல்இடி ஒரு வாட்டுக்குத் தரும் வெளிச்சம் கூடும். சூடும் குறையும்.

சூடு என்றதும் எல்இடி குளிர்ந்த விளக்கு ஆயிற்றே என்று தோன்றும். ஒளிக்கற்றையில் சூடு இல்லை, அவ்வளவுதான். 7 வாட் கொடுத்தால் நாலரை முதல் ஐந்து வாட் வரை சிப்பின் முதுகில் வெப்பமாக இறங்கும், நகம் அளவு இடத்தில். அதை இழுத்துப் பரப்பிக் காற்றில் விடுவதுதான் ஹீட்சிங்க்கின் வேலை. விசிறி இல்லாமல் ஒரு வாட் வெப்பத்துக்கு 50 சதுர சென்டிமீட்டர் அலுமினியப் பரப்பு என்று வைத்துக்கொண்டால், சுற்றுக்காற்றைவிட 20 டிகிரி அளவுக்குத்தான் கூடும். ஐந்து வாட்டுக்கு 250. இதற்குக் கடை ஹீட்சிங்க் தேவையில்லை. அலுமினிய ஜன்னல் செய்கிற பட்டறையில் நான்கு அடி சேனல் துண்டு எடைக்குக் கிடைக்கும். இரண்டு அங்குல முதுகும் ஓர் அங்குலச் சுவர் இரண்டும் உள்ள சேனல் என்றால் உள்ளும் புறமுமாக 2400 சதுர சென்டிமீட்டர் வரும். அதுவே விளக்கின் சட்டமும் ஆகிவிடும். ஜன்னல் சேனல் பெரும்பாலும் மெல்லியது, வெப்பம் நீளவாக்கில் தூரம் ஓடாது. அதனால் சிப்புக்கும் சேனலுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் கனத்தில், சேனல் அகலத்துக்கு ஒரு சாண் நீள அலுமினியப் பட்டை வையுங்கள். பவுடர் கோட்டிங் பெயின்ட் இருந்தால் பட்டை உட்காரும் இடத்தில் சுரண்டி எடுக்க வேண்டும். அனோடைஸ் செய்த பளபளப்பு இருந்தால் பரவாயில்லை.

தெர்மல் பேஸ்ட் விஷயத்தில் தாராளம் கூடாது. அது காற்றைவிட ஏறக்குறைய நூறு மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும், ஆனால் அலுமினியத்தோடு வைத்துப் பார்த்தால் நூறில் ஒரு பங்குதான். உலோகமும் உலோகமும் தொடாத பள்ளங்களை நிரப்ப மட்டுமே அது. அரிசி மணி அளவு வைத்துப் பழைய ஏடிஎம் கார்டால் தேய்த்துப் பரப்புங்கள். சிப்பை எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றித் திருகுங்கள். ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். பேஸ்ட் முழுச் சதுரமாகப் பதிந்திருந்தால் சரி, நடுவில் காய்ந்த இடம் தெரிந்தால் சிப்பின் அடி வளைந்திருக்கிறது அல்லது துளையின் விளிம்பில் பிசிறு நிற்கிறது.

வயரைச் சால்டர் செய்வது சிப்பை அலுமினியத்தில் மாட்டுவதற்கு முன்பே. மாட்டிய பிறகு செய்தால் சட்டம் மொத்தச் சூட்டையும் உறிஞ்சிவிடும். 25 வாட் அயர்ன் வைத்துத் தேய்த்துக்கொண்டே நின்றால் ஈயம் ஒட்டாது, சிப்தான் வேகும். நட்சத்திர வடிவ அலுமினியத் தகட்டில் வரும் ஒற்றை எல்இடிக்கும் இதுவே. 60 வாட் அயர்ன், முதலில் இரு பக்கமும் தனித்தனியாக ஈயம் பூசி, பிறகு மூன்று விநாடியில் சேர்த்துவிட வேண்டும்.

அரை மணி நேரம் எரிந்த பிறகு சிப்பை ஒட்டிய அலுமினியத்தில் விரல் வையுங்கள். ஐந்து விநாடி வைக்க முடிந்தால் ஐம்பது டிகிரி பக்கம் இருக்கிறது, நல்லது. சுரீரென்று எடுக்க வைத்தால் அறுபதைத் தாண்டிவிட்டது. சட்டம் குளுகுளுவென்று இருந்து சிப்பின் மஞ்சள் முகம் மட்டும் கொதித்தால் சந்தோஷப்பட வேண்டாம், வெப்பம் சட்டத்துக்கு இறங்கவே இல்லை. பேஸ்ட்டையும் திருகையும் பாருங்கள். மலைக்குளிர் உங்கள் பக்கம். ஆனால் காய் உலர்த்தும் அறைக்குள் ஐம்பது டிகிரி வரை போகும், அங்கே இந்த விளக்கையும் பேட்டரியையும் வைக்கக் கூடாது. இந்த விரல் சோதனையைப் பேட்டரியில் ஓடும் விளக்கில் மட்டும் செய்யுங்கள். காரணம் பிறகு வருகிறது.

இனி நிறம். புத்தடியிலோ போடியிலோ ஏலத்துக்குப் போகும் காய்க்குப் பச்சைதான் விலை, அதனால் உங்கள் மேசைக்கு வெளிச்சத்தின் அளவைவிட அதன் தரம் பெரிது. வெள்ளை எல்இடி என்று உண்மையில் ஒன்று இல்லை. உள்ளே இருப்பது நீல எல்இடி, 2014இல் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் நோபல் வாங்கித் தந்த அதே சமாச்சாரம். அதன் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக்க, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். மலிவான 6500 கெல்வின் (வெள்ளையின் சாயலைச் சொல்லும் அளவு) சிப்பில் நீலம் ஓங்கி நிற்கும், நீலத்துக்கும் பச்சைக்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கும், சிவப்பு வற்றிப்போயிருக்கும். நல்ல பச்சைக் காயும் வெளிறத் தொடங்கிய காயும் வேறுபடுவது, வெளிறியது மஞ்சளோடு சிவப்பையும் திருப்பி அனுப்புவதால்தான். விளக்கில் சிவப்பே இல்லையென்றால் திருப்பி அனுப்ப என்ன இருக்கிறது? இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். காலையில் வெயிலில் கொட்டிப் பார்க்கும்போதுதான் குட்டு உடையும்.

ஆகவே மேசைக்கு மேல் இந்த 10 வாட் மலிவுச் சிப்பை நான் சொல்ல மாட்டேன், முற்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேசைக்கு 4000 அல்லது 5000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் என்று அட்டையில் போட்டிருக்கும் 3 வாட் ஒற்றை எல்இடிகளை வாங்குங்கள். நட்சத்திரத் தகட்டோடு மூன்றைத் தொடராகக் கோத்தால் அதே 9 முதல் 10 வோல்ட் வரும், மேலே சொன்ன போர்டும் 700 மில்லிஆம்பியரும் அப்படியே பொருந்தும். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு 500இல் ஓட்டினால் இன்னும் நல்லது. இப்படி இரண்டு தொடர், மொத்தம் ஆறு எல்இடி, நான்கு அடி சேனலில் சம இடைவெளியில். நான்குக்கு இரண்டு அடி மேசைக்கு இரண்டரை அடி உயரத்தில் தொங்கவிட்டால் போதிய வெளிச்சம் விழும். உட்கார்பவரின் தலைக்கு நேர் மேலே வேண்டாம், மேசையின் எதிர் ஓரத்துக்கு மேலே வையுங்கள், சொந்த நிழல் காயின் மேல் விழாது. எல்இடி நேராகக் கண்ணில் படாதபடி சேனலின் முன்பக்கம் இரண்டு அங்குலத் தகடு ஒன்று தொங்கட்டும். பால் நிற அக்ரிலிக் போட்டால் நிழல் மென்மையாகும், கால்பங்கு வெளிச்சத்தை அது எடுத்துக்கொள்ளும். சோதனையின்போது எரியும் எல்இடியை வெறுங்கண்ணால் உற்றுப் பார்க்காதீர்கள், மேலே ஒரு வெள்ளைத் தாளைப் போட்டுப் பாருங்கள்.

விளக்கு உங்கள் காய்க்குச் சரிதானா என்று பார்க்க மீட்டர் வேண்டாம். பகல் வெளிச்சத்தில் நூறு காயைப் பச்சை, வெளிறல் என்று பிரித்து, வெளிறலின் அடியில் பேனாவால் சிறு புள்ளி வைத்துக் கலந்துவிடுங்கள். இரவில் இந்த விளக்கில் காய் பிரித்துப் பழகியவர் ஒருவரைப் பிரிக்கச் சொல்லி, பிறகு புள்ளிகளை எண்ணுங்கள்.

பேட்டரிக் கணக்கு: இரண்டு தொடரும் 500 மில்லிஆம்பியரில் என்றால் எல்இடிக்குச் சுமார் பத்து வாட், போர்டின் நஷ்டத்தோடு பதினொன்று, பேட்டரியிலிருந்து 0.9 ஆம்பியர். 7 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் போகும், ஆகவே 3.5 ஏஎச் தான் உங்கள் கணக்கு. நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைய. பழைய பேட்டரி என்றால் இன்னும் குறையும். 11.8 வோல்ட் பக்கம் வந்ததும் நிறுத்துங்கள். பேட்டரி பிளஸை ஒட்டியே 3 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும், விளக்குப் பக்கத்தில் வைத்தால் நடு வயர் ஷார்ட்டாகும்போது உதவாது. பேட்டரி தூரத்தில் இருந்தால் 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 20 மீட்டர் இழுத்தால் போய்வர ஏறக்குறைய ஒரு ஓம் தடை, 0.9 ஆம்பியருக்கு 0.9 வோல்ட் வழியிலேயே போகும். 1.5 வயர் போட்டால் பாதியாகும்.

கரண்ட் இருக்கும்போது நேராக 230 வோல்ட்டில் ஓடும் டிஓபி தகடு (எல்இடியும் அதை ஓட்டும் டிரைவரும் ஒரே தகட்டில் இருப்பது) போடலாமா என்று பலர் யோசிப்பார்கள், பல்பு ரிப்பேருக்கு எங்கும் கிடைக்கிற அந்த வட்டத் தகடுதான். ஏலக்காய் ஸ்டோரில் கூடவே கூடாது. அதில் மின்மாற்றி கிடையாது. எல்இடியின் ஒவ்வொரு முனையும் மெயின்ஸோடு நேரடித் தொடர்பில், முந்நூறு வோல்ட் வரை நிற்கும். தகட்டுக்கும் முனைக்கும் நடுவில் இருப்பது காகிதம் போன்ற ஒரு படலம். ஈரக் கை, ஈரத் தரை, அலுமினியச் சட்டம் மூன்றும் சேரும் இடம் உங்களுடையது. விரல் சோதனையைப் பேட்டரி விளக்கில் மட்டும் என்றது இதனால்தான். மெயின்ஸ் வேண்டுமென்றால் தனிமைப்படுத்திய (ஐசோலேட்டட், வெளியீடு மெயின்ஸோடு நேரடித் தொடர்பில்லாத) டிரைவர் வாங்கிச் சட்டத்துக்கு எர்த் கொடுங்கள். ஐப்பசி இடிக்கு 471 எம்ஓவி (திடீரென்று எகிறும் வோல்ட்டைத் தடுக்கும் பாகம்) ஒன்றை ஃபியூஸுக்குப் பின்னால் லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே போடலாம், ஆனால் இடி நேரத்தில் பிளக்கைப் பிடுங்குவதுதான் நம்பகமானது. மலிவு டிரைவரில் வெளிச்சம் விநாடிக்கு நூறு தடவை துடிக்கும். செல்போன் கேமராவில் கோடு கோடாக ஓடினால் அதுதான். அந்த வெளிச்சத்தில் சுற்றும் விசிறியும் மெஷினும் நின்றதுபோலத் தெரியலாம், கை வைத்துவிடுவார்கள்.

கடைசியாக, மழை. ஈரம் புகாமல் இருக்கச் சிலிகான் பூசப் போகிறீர்கள் என்றால் வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம், அந்த அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் க்யூர் என்று கேட்டு வாங்குங்கள். அதையும் எல்இடியின் முகத்தில் பூசாமல் ஓரங்களில் மட்டும். முழுக்கக் காய ஒரு நாளாவது விட்டு, அதன் பிறகு கண்ணாடி மூடியைப் போடுங்கள். பசை, பெயின்ட் இவற்றிலிருந்து கிளம்பும் ஆவி காற்றுப் போகாத பெட்டிக்குள் அடைபட்டால் எல்இடியின் சிலிகான் குமிழுக்குள் ஊடுருவி, நீல ஒளி பட்டு உள்ளேயே கருக்கும். சில நாளில் வெளிச்சம் பாதியாகி, எல்இடியின் நடுவில் பழுப்புத் திட்டு தெரிந்தால் உடனே புதிது வாங்க ஓட வேண்டாம். மூடியைக் கழற்றி ஒன்றிரண்டு நாள் திறந்தபடி எரியவிடுங்கள், ஆவியால் வந்த கருப்பு என்றால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் அது சூட்டில் வெந்தது, பேஸ்ட்டைத் திரும்பப் பாருங்கள்.